முதலிலிருந்து ஆடினால் வினை தீருமா?

கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் 'ரோல்பிளேயிங்' என்றொரு வகை உண்டு. அதில் நீங்கள் ஒரு வீரன். வழியில் எது குறுக்கே வந்தாலும் வெட்ட வேண்டும். வெட்டினால் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் அடுத்த நிலை. நிலை ஏறினால் இன்னும் பெரிய பூதத்தை வெட்டலாம். ஊருக்குள் எந்த வீட்டிலும் புகுந்து பெட்டியைத் திறந்து காசை எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர் ஏன் என்று கேட்க மாட்டார். செத்துப்போனாலும் கவலையில்லை, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

பல பத்தாண்டுகளாக நடந்துவரும் இந்த வழக்கத்தை வைத்தே ஒரு கேலிக்கூத்து ஆடிக் காட்டியவர் டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர். பின்னால் பெரிய கம்பெனி ஏதும் கிடையாது. 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் 5,000 டாலர் கேட்டார். 51,124 டாலர் சேர்ந்தது. கதை, இசை, நிரல் எல்லாம் அநேகமாக அவர் கைவேலை. படங்களுக்கு டெம்மி சாங் துணை. 2015 செப்டம்பர் 15 அன்று வெளிவந்த அந்த விளையாட்டின் பெயர் 'அண்டர்டேல்'.

கதை இதுதான். மனிதர்களிடம் போரில் தோற்ற பூதங்களை ஒரு மலைக்கு அடியில் அடைத்து மந்திரத்தால் பூட்டிவிட்டார்கள். ஒரு குழந்தை அந்த மலையில் ஏறி, பள்ளத்தில் விழுந்து, பூதங்களின் ஊருக்குள் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து வெளியே வர வேண்டும். எதிர்ப்படும் ஒவ்வொன்றையும் கொன்றுகொண்டே வரலாம். ஒன்றைக்கூடக் கொல்லாமலும் வரலாம்.

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சேர்வராயன் கோயிலே ஒரு குகைதான். 1,623 மீட்டர் உயரத்தில், குனிந்துகொண்டுதான் உள்ளே போக முடியும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது ஊர் நம்பிக்கை. மலைக்கு அடியில் ஒரு ஊரே இருக்கிறது என்று அக்கா மகன் கதை சொன்னபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை. அவன் சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். மழை நாளில் மேலே வந்தால் பனிமூட்டத்தில் வெளியே போக வழியில்லாமல் லேப்டாப்பைத் திறந்துவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை.

சிரித்தோம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாப்பிரஸ் என்றொரு எலும்புக்கூடு, காவல்படையில் சேர வேண்டும் என்ற ஆசையோடு குழந்தையைப் பிடிக்க வருகிறான். வழியில் வண்ணக் கட்டங்கள் கொண்ட ஒரு புதிர். சிவப்பில் கால் வைக்கக் கூடாது, மஞ்சளில் மின்சாரம், பச்சையில் பூதம், நீலத்தில் மீன், ஆரஞ்சு வாசம் ஒட்டியிருந்தால் கதை வேறு என்று பாடம் ஒப்பிப்பதுபோல் விதிகளை அடுக்குகிறான். கேட்டுக் கேட்டுத் தலை சுற்றுகிறது. பிறகு இயந்திரம் சுழன்று கட்டங்களை இறக்கினால், நடுவில் ஒரு தடையும் இல்லாத நேர்வழி. புதிர் போடுவதே பெருமை என்று நினைக்கும் ஒரு வகை விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான குட்டு கிடையாது. அவனிடம் தோற்றால் உங்களைக் கொட்டகையில் அடைக்கிறான். கம்பிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஆள் தாராளமாக நடந்து வெளியே வரலாம். சண்டைக்கு வரும் ஒரு நாயைத் தடவிக்கொடுத்தால் அதன் கழுத்து நீள்கிறது. இன்னும் தடவினால் இன்னும் நீள்கிறது. திரையைத் தாண்டியும் போகிறது.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது. செய்த ஒன்றைச் செய்யாததாக ஆக்க முடியுமா?

டோரியல் என்று ஆட்டு முகமுள்ள ஒரு அம்மா. பள்ளத்தில் விழுந்த குழந்தையைக் கூட்டிப் போகிறாள். முள் நிறைந்த பாதை வந்தால் தானே கையைப் பிடித்துக் கடத்திவிடுகிறாள். வீட்டில் லவங்கப்பட்டை போட்டு இனிப்பு செய்து வைக்கிறாள். குழந்தை வெளியே போக வேண்டும் என்றதும் வாசலை மறித்து நிற்கிறாள். அங்கே போனால் உன்னைக் கொன்றுவிடுவார்கள், அப்படியும் போவதானால் உன் பலத்தை என்னிடம் காட்டு என்கிறாள். பேசிப் பார்த்தாலும் அசைவதில்லை. இந்த வகை ஆட்டங்களில் ஊறியவன் என்ன நினைப்பான்? கொஞ்சம் அடித்துச் சோர வைத்தால் வழி விடுவாள் என்று நினைப்பான். பையனும் அப்படித்தான் அடித்தான். இன்னும் உயிர் மிச்சமிருக்கிறது என்று அவன் போட்ட அடி, எதிர்பாராத பலத்தோடு இறங்கி அவளைக் கொன்றுவிட்டது.

பையன் சட்டென்று வெளியேறி, சேமித்த இடத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தான். இந்த முறை கை ஓங்கவில்லை. 'விட்டுவிடு' என்ற பொத்தானையே திரும்பத் திரும்ப அழுத்தினான். அவள் நெருப்பை எறிகிறாள், இவன் ஒதுங்குகிறான், மறுபடியும் விட்டுவிடு. ஒரு கட்டத்தில் அவள் கையை இறக்கி, குழந்தையைக் கட்டி அணைத்து அனுப்பிவைத்தாள்.

"அவ்ளோதான் மாமா, சரி பண்ணியாச்சு."

வாசலுக்கு அப்பால் ஃபிளவி என்ற மஞ்சள் பூ நின்றுகொண்டிருந்தது. பேசும் பூ. நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும், அவளைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்திருக்கிறாய் என்கிற அர்த்தத்தில் சொல்லிச் சிரித்தது. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பழைய சேவ்தான மாமா போட்டேன், இதுக்கு எப்படித் தெரியும்?"

தெரிவதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஆட்டத்தைச் சேமிக்கும் கோப்பு ஒன்று. அதன் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் கோப்பு. ஆடுபவன் பழைய நிலைக்குத் திரும்பினாலும் இந்தச் சின்னக் கோப்பு திரும்புவதில்லை. நடந்ததைக் குறித்தபடியே வைத்திருக்கிறது.

எஸ்டேட்டில் செக்ரோல் எழுதியவனுக்கு இது பழகிய விஷயம். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில், யார் எத்தனை கிலோ என்று சாயங்காலம் எடை போட்டு எழுதுவோம். எண் தப்பாகிவிட்டால் ரப்பரால் அழிக்கக் கூடாது, பிளேடால் சுரண்டக் கூடாது, ஒயிட்னர் பூசக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும். திருத்தம் என்றால் அதுதான். பழைய எண் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதைத் திருத்தம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், மறைத்திருக்கிறான் என்பார்கள்.

மேலுலகக் கணக்கும் இந்த முறையில்தான் நடப்பதாக நம் மரபு நினைத்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குத் தனிக்கோயில் உண்டு. கையில் ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருக்கிறார். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த சகோதரர்கள் என்றும், அவர்களில் பெரியண்ணன் இந்த மலைக்கு வந்தவர் என்றும் கதை சொல்கிறார்கள். அந்தக் கணக்கருக்கும் எங்கள் மலைக்கும் ஊர்ச் சம்பந்தம் இருக்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இனி ஏறப்போகும் ஆகாமியம். அனுபவித்துத் தீரும் என்கிறது, அருளால் தீரும் என்கிறது. நடக்கவே இல்லை என்று ஆக்கலாம் என்று எங்கேயும் சொல்லவில்லை.

கிறிஸ்தவ நண்பர்களிடம் பேசினால், பாவசங்கீர்த்தனம் எல்லாவற்றையும் கழுவிவிடுகிறதே என்று நான் கேட்பேன். அவர்கள் பொறுமையாக விளக்குவார்கள். கோயிலுக்குள் போகுமுன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திருடியிருந்தால் மன்னிப்புக் கிடைத்த பிறகும் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை போகாது. மன்னிப்பு தொடங்கும் இடமே ஞாபகம்தான். மறந்துபோன பாவத்துக்கு வருத்தப்பட யாரால் முடியும்?

அண்டர்டேல் ரோமாபுரி வரைக்கும் போன கதையும் உண்டு. 2016 மே மாதம் வத்திக்கானில் யூடியூபர்கள் சிலர் திருத்தந்தை பிரான்சிஸைச் சந்தித்தபோது, மேத்யூ பேட்ரிக் என்ற அமெரிக்கர் அவருக்குக் கொடுத்த பரிசு இந்த விளையாட்டு. திருச்சபை 'இரக்கத்தின் யூபிலி' என்று அறிவித்திருந்த ஆண்டு அது. எதிரியை இரக்கத்தால் கடக்கலாம் என்று சொல்லும் விளையாட்டைக் கொடுக்கப் பொருத்தமான சமயம்தான். 2022 ஜனவரியில் இன்னொரு வேடிக்கை நடந்தது. திருத்தந்தையின் பொதுச் சந்திப்பில் சர்க்கஸ் கலைஞர்கள் வித்தை காட்டினார்கள். பின்னணியில் ஒலித்தது இந்த விளையாட்டின் 'மெகலோவேனியா'. எல்லோரையும் கொன்றுகொண்டே வந்தவனை நிறுத்தி வைத்துத் தண்டிக்கும்போது வரும் இசை அது. அங்கிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்குமோ!

அந்தக் கொலை வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் போகிறவன் வழியில் வருவதைக் கொன்றால் மட்டும் போதாது, ஒளிந்திருப்பதையும் தேடிப்பிடித்துக் கொல்ல வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் காத்திருந்தாலும் யாரும் வருவதில்லை. கடைக்காரர்கள் பலர் ஓடிவிடுகிறார்கள். பாப்பிரஸின் புதிர்களைக் கேட்க ஆளில்லை. இதில் என்னை உலுக்கியது ஒன்று. இந்த வழியில் நகைச்சுவை வற்றிவிடுகிறது. வகையின் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவனுக்கு இந்த விளையாட்டில் சிரிக்க அநேகமாக எதுவும் மிஞ்சுவதில்லை. வழியின் முடிவில் சேன்ஸ் காத்திருக்கிறான். பாப்பிரஸின் அண்ணன், காவல் கொட்டகையில் தூங்கி வழியும் சோம்பேறி. வேறு வழியில் வந்தவர்களை அங்கே நிறுத்தி, அவர்கள் சேர்த்த புள்ளிகளுக்குக் கணக்குக் கேட்கிறான்: நீ அனுபவம் என்று நினைத்தது கொலைக் கணக்கு, நிலை என்று நினைத்தது உன் வன்முறையின் அளவு. கொலை வழியில் வந்தவனோடு சண்டையே போடுகிறான். அவன் அடி பட்டால் வலி உடனே நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாக உயிரைத் தின்றுகொண்டே இருக்கும். உயிர் அளவைக் காட்டும் பட்டைக்குப் பக்கத்தில் அப்போது தோன்றும் இரண்டு எழுத்துகளைக் கர்ம பலன் என்றுதான் ஆடுபவர்கள் படிக்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சட்டத்தை எழுதியவன் ஒருவன், ஆடுகிறவன் மேல் பழியா? குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனன் வில்லைப் போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்தபோது கண்ணன் சொன்ன பதில்களில் ஒன்று, இவர்கள் ஏற்கனவே என்னால் மாய்ந்தவர்கள், நீ கருவியாக நில் என்பது. ரோல்பிளேயிங் ஆடுபவனுக்குக் கண்ணன் வந்து சொல்லத் தேவையில்லை. கதை எழுதியாயிற்று, நான் பொத்தானை அழுத்துகிறேன், அவ்வளவுதான் என்று அவனே நினைத்துக்கொள்கிறான். அண்டர்டேல் வந்து, வில்லைப் போட்டவனுக்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன் என்கிறது.

கீதையை இந்த விளையாட்டுக்கு எதிராக நிறுத்துவது நியாயமாகாது. தூது போய், ஐந்து ஊராவது கொடு என்று கேட்டுப் பார்த்து, ஊசிமுனை நிலமும் கிடையாது என்ற பிறகு வந்த போர் அது. கொல்லாமல் போக வழியிருந்தும் கொன்றவனின் கதை இல்லை. ஆனாலும் வியாசர் வெற்றியோடு கதையை முடிக்கவில்லை. நாடு வேண்டாம் என்று அழும் தருமனைத் தேற்ற, அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் இரண்டு பருவங்கள் நீளப் பேச வேண்டியிருக்கிறது. கருவியாக நின்றவர்களுக்கும் கை செய்தது மறக்கவில்லை.

அந்த ஞாபகத்தைச் சிரிப்பின் வழியாகக் காப்பாற்ற நம் கூத்தில் ஓர் ஆளையே வைத்திருக்கிறார்கள். ஓமலூர், மேச்சேரி பக்கம் கூத்து நடந்தால் கீழே இறங்கிப் போய் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் துரியோதன மகாராஜா கர்ஜித்துக்கொண்டு நிற்பார். முன்னால் கட்டியக்காரன் சாவகாசமாக, "யாருங்க அது, சத்தம் பலமா இருக்குதே, எந்த பஸ்ல வந்தீங்க?" என்பான். ராஜா பராக்கிரமத்தைப் பாடினால் இவன் டீக்கடைப் பாக்கியைக் கேட்பான். மற்ற எல்லோரும் அஸ்தினாபுரத்தில் இருக்கிறார்கள். கட்டியக்காரன் ஒருவன்தான் அஸ்தினாபுரத்திலும் மேச்சேரியிலும் ஒரே நேரத்தில் நிற்கிறான். இந்தத் துரியோதனன் போன வருடமும் தொடை உடைந்து செத்தான், அடுத்த வருடமும் சாவான் என்பதைத் தெரிந்தமாதிரி நடந்துகொள்ளும் உரிமை அந்தக் களத்தில் அவனுக்கு மட்டுமே உண்டு.

அவன் கேலியால் பக்தி குறைந்து நான் பார்த்ததில்லை. ராத்திரி அவன் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்த அதே சனம், படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்தியிருக்கும் துரியோதனன் முன்னால் கைகூப்பி நிற்கிறது. பாஞ்சாலி கூந்தல் முடியும்போது கண்ணைத் துடைக்கிறது. ராஜாவுக்கு ராஜா என்பதால் எல்லாம் செல்லும் என்ற எண்ணத்தைத்தான் கட்டியக்காரன் உடைக்கிறான். 'ஆட்டத்தில் அப்படித்தான்' என்ற சாக்கு அவன் முன்னால் எடுபடாது. சேன்ஸும் ஃபிளவியும் ஆடுபவனிடம் செய்வது இதே வேலை. வகையைக் கேலி செய்யும் கலை வகைக்கு வெளியே நின்று பார்க்கிறது. வெளியே நிற்பவனுக்குத்தான் நேற்றும் இன்றும் சேர்ந்து தெரியும்.

ஆனால் ஞாபகம் மட்டும் இருந்தால் போதுமா? ஃபிளவியின் முன்கதை இதற்குப் பதில் சொல்கிறது. அந்தப் பூ முன்பு டோரியலின் பிள்ளை. செத்து, சாம்பல் பூமேல் படிந்து, பின்னால் நடந்த ஓர் ஆராய்ச்சியில் ஆத்மா இல்லாமல் மறுபடி உயிர்பெற்றது. குழந்தை வருவதற்கு முன்னால், சேமித்துத் திரும்பும் சக்தி அதனிடம்தான் இருந்தது. முதலில் ஊரில் எல்லோருக்கும் உதவியது, எல்லோரையும் நண்பர்களாக்கிக்கொண்டது. திரும்பத் திரும்ப அதையே செய்து சலித்துப்போய், இவர்களைக் கொன்றால் என்ன ஆகும் என்று பார்த்தது. அதையும் அழித்து மறுபடி ஆரம்பித்தது. எதுவும் நிலைக்காத இடத்தில் எதற்கும் விலை இல்லை. யார் அழுதாலும் முன்பே பார்த்த காட்சி.

பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையார் இறைவனிடம் வரம் கேட்கும் இடம் நினைவுக்கு வந்தது. இனிப் பிறக்கக் கூடாது என்கிறார். அப்படிப் பிறக்க நேர்ந்தால் உன்னை மறக்கக் கூடாது என்கிறார். பிறவி தாண்டிய ஞாபகத்தைத்தான் அம்மையாரும் கேட்கிறார். ஃபிளவிக்குக் கேட்காமலே கிடைத்ததும் அந்த ஞாபகம்தான். அம்மையார் அதற்கு முன்னால் குறையாத அன்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பூவிடம் அது இல்லை. அன்பு இல்லாதவனுக்கு முடிவில்லாத ஞாபகத்தைக் கொடுத்தால் அதற்குப் பெயர் நரகம் என்று ஒரு சிரிப்பு விளையாட்டு சொல்லிவிட்டது.

பையன் ஒருவழியாக ஒருவரையும் கொல்லாமல் கடைசி வரை போனான். பூதங்கள் மலைக்கு வெளியே வந்து சூரியனைப் பார்த்தன. மறுபடி விளையாட்டைத் திறந்தபோது ஃபிளவி தென்பட்டு, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், இனிக் கவலைப்பட ஒன்றும் இல்லை, இதை அழித்து ஆரம்பிக்காதே, விட்டுவிடு என்ற பொருளில் கெஞ்சியது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, தயவுசெய்து என்னை ஆடாதே என்கிறது! வீடுபேறு அடைந்தவர்களைப் பிடித்திழுத்து மறுபடியும் பிறக்க வைக்கும் சக்தி அங்கே ஒரே ஓர் ஆளிடம்தான் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம்.

பையனுக்குக் கொலை வழியையும் பார்க்க ஆசை. "நான் ஆடலை மாமா, யாராவது ஆடுனத யூடியூப்ல பாத்துக்கறேன், நமக்குப் பாவம் கிடையாது" என்றான். பார்த்தோம். முடிவை நெருங்கும் இடத்தில் ஃபிளவி, தானே செய்யத் துணிச்சலில்லாமல் அடுத்தவன் செய்வதை வேடிக்கை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், இப்போதுகூட ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்கிற தோரணையில் எங்களைப் பார்த்துப் பேசிவிட்டது. சாட்சி என்று ஒதுங்கி நிற்கவும் இடம் கொடுக்கவில்லை.

அந்த வழியை முடித்தவன் உலகத்தையே இழந்துவிடுகிறான். அதைத் திரும்பப் பெற ஆத்மாவை விற்க வேண்டும். பிறகு எத்தனை நல்லவனாக ஆடினாலும் நல்ல முடிவில் ஒரு கறை வந்து சேரும். இது அதிகம், இரக்கத்தைப் போதிக்கும் விளையாட்டு இப்படி இரக்கமில்லாமல் நடக்கலாமா என்று பையன் கோபப்பட்டான். நியாயமான கோபம். நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அந்த ஆள் வருத்தப்பட்டுத் திரும்பவில்லை. நல்ல முடிவையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று திரும்புகிறான். அழித்துவிட்டால் நடக்கவில்லை என்பதுதான் அவன் நம்பிக்கை. மன்னிப்பதற்கு அங்கே அவன் எதையும் வைக்கவில்லை.

வாழ்க்கையில் திரும்பிப் போய்த் திருத்த முடியவில்லையே என்று புலம்பாதவர் யார்? அந்த வசதி கிடைத்திருந்தால் நாலைந்து சுற்றுக்குள் நாம் எல்லோரும் ஃபிளவி ஆகியிருப்போம். இல்லாததால்தான் யாரிடமாவது போய் நின்று தப்பாகப் போய்விட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அடித்த எண்ணுக்குப் பக்கத்தில் நம் கையெழுத்தைப் போட வேண்டியிருக்கிறது. வினை தீர்க்கும் வேலையில் மனிதன் கைக்கு வந்த பங்கு இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மிச்சம் அருளின் பாடு.